கிழக்கே போனாலும் நியூயார்க், கிழக்கே வந்தாலும் சிங்கப்பூர்

வீட்டில் உலக உருண்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலின் முனையைச் சிங்கப்பூரில் அழுத்திப் பிடித்து, மறுமுனையை நியூயார்க்குக்கு இழுங்கள். நூல் பசிபிக் பக்கமும் சாயாது, அட்லாண்டிக் பக்கமும் சாயாது. நேர் வடக்கே ஏறி, வட துருவத்தை ஏறக்குறைய உரசியபடி மறுபுறம் இறங்கும். இரண்டு ஊர்களும் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதே காரணம். அந்த நூலின் நீளம் சுமார் 15,350 கிலோமீட்டர். இடைநில்லாமல் பறக்கும் பயணிகள் விமானங்களில் இதைவிட நீண்ட தடம் இப்போது இல்லை.

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்றால் 17 மணி நேரத்தில் போய்விடலாமே என்று தோன்றும். ஆனால் கணக்கில் காற்றையும் சேர்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகக் காற்றாறு ஒன்று ஓடுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். அது முதுகில் தள்ளினால் மணிக்கணக்கில் மிச்சம். முகத்தில் அடித்தால் அதே அளவு நட்டம். ஆகவே விமானி பல நாட்களில் நூலை விட்டுவிட்டு, பசிபிக் வழியாக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்றிப் போகிறார். சுற்றுவழிதான் சீக்கிரம் கொண்டு சேர்க்கிறது! திரும்பும்போதும் அட்லாண்டிக், ஐரோப்பா என்று கிழக்கு நோக்கியே வருவதுண்டு. அப்படி அமைந்தால், போய்வந்த பயணி உலகையே ஒரு சுற்றுச் சுற்றியிருப்பார். பயண நேரம், காற்றைப் பொறுத்து, பதினெட்டு மணியை ஒட்டி முன்பின் ஆகும்.

தூரத்தைவிடப் பெரிய சிக்கல் எரிபொருள். எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் எரிய வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004இல் நான்கு எஞ்சின் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 விமானத்தில், நியூயார்க்கை ஒட்டிய நெவார்க்குக்கு இந்தச் சேவையைத் தொடங்கியது. செலவு கட்டுப்படியாகாமல் 2013இல் நிறுத்தியது. 2018இல் மீண்டும் வந்தது இரண்டே எஞ்சின் கொண்ட ஏ350-900 விமானத்தின் நெடுந்தூர வகை. அதில் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். தொட்டி நிரம்பினால், மேலெழும் எடையில் ஏறத்தாழ பாதி எரிபொருள்தான். எடையைக் குறைக்க, 300 பேர் உட்காரக்கூடிய விமானத்தில் 161 இருக்கைகள் மட்டும். சாதா எகானமி வகுப்பே கிடையாது. நம்மைப் போன்றவர்கள் வழியில் எங்காவது இறங்கி ஏறித்தான் போக வேண்டும்.

பயணச்சீட்டில் போட்டிருக்கும் நேரம் இன்னும் குழப்பும். கோடையில் சிங்கப்பூர் நியூயார்க்கைவிட 12 மணி நேரம் முந்தியிருக்கும், குளிர்காலத்தில் 13. கோடையில் சிங்கப்பூரில் நள்ளிரவு 12 மணிக்குப் புறப்பட்டு பதினெட்டரை மணி நேரம் பறந்தால், அதே தேதியில் காலை ஆறரைக்கு நியூயார்க்கில் இறங்கலாம். திரும்பும்போது திங்கள் இரவு 10 மணிக்கு ஏறினால், இறங்குவது புதன் அதிகாலை நாலரைக்கு. இடையிலிருந்த செவ்வாய்க்கிழமை, ஜன்னலோர இருக்கையில் இரண்டு சாப்பாட்டுக்கும் ஒரு தூக்கத்துக்கும் நடுவே கழிந்திருக்கும்.