அடுப்புப் புகையும் நுரையீரல் செல்களும்

ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் விறகடுப்புதான் எரிகிறது. அந்தப் புகையில் 2.5 மைக்ரோமீட்டரைவிடச் சிறிய துகள்கள் ஏராளம். மூக்கில் தங்காமல் அவை நுரையீரலின் ஆழத்துக்கே போய்விடுகின்றன. அங்கே உட்படலச் செல்களில் படிந்ததும், செல்லுக்குள் இருக்கும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் தூண்டப்படுகிறது. அதனால் இன்டர்லூகின்-8 போன்ற வேதிப்பொருள்கள் சுரக்கின்றன. அவற்றின் அழைப்பில் வெள்ளணுக்கள் திரள்கின்றன. அழற்சி என்பது இதுதான்.

எப்போதோ ஒருமுறை என்றால் தானே அடங்கிவிடும். அன்றாடம் புகை பட்டால் அடங்காது. மூச்சுக்குழாய்கள் குறுகி, நாள்பட்ட அடைப்பு நோயாக மாறும். பீடி, சிகரெட்டைத் தொடாத பெண்களுக்கும் இந்நோய் வருவது பெருங்கொடுமை.

மஞ்சளிலுள்ள குர்குமின், ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் அந்த என்எஃப்-கப்பா-பி புரதத்தை அடக்குகிறது. ஆனால் வாய்வழி உண்ணும்போது மிகச் சொற்பமே இரத்தத்தில் சேர்கிறது. மஞ்சள்பாலை மருந்தாக நம்பியிருக்க முடியாது. ஆடாதோடை மூலிகையிலுள்ள வாசிசைன் என்ற வேதிப்பொருளை முன்மாதிரியாகக் கொண்டு உருவான புரோம்ஹெக்சின், சளியை இளக்கும் மருந்து. மூச்சில் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்து அழற்சியைத் தணிக்கும். அதை மருத்துவர் சொன்னபடியே எடுக்க வேண்டும்.

சமையலறையில் புகைபோக்கி வையுங்கள். இயன்றவர்கள் எரிவாயுவுக்கு மாறுங்கள்.