வாசலைப் பார்த்து நிற்கும் கார்

2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. ஒரே நாளில் ஊரின் பெரும்பகுதி சாம்பல். அந்தத் தீ 85 உயிர்களைக் கொண்டுபோனது, பெரும்பாலோர் முதியவர்கள். மலைமேட்டிலிருந்து இறங்கும் சாலைகளோ சில மட்டுமே. எல்லாக் கார்களும் ஒரே நேரத்தில் அவற்றில் முட்டிக்கொண்டு நின்றன.

ஆகவே, ஆபத்தென்று தோன்றினால் உத்தரவுக்குக் காத்திராமல் கிளம்புங்கள் என்கிறது அங்குள்ள தீயணைப்புத் துறை. வெளியேற இரண்டு வழியாவது தெரிந்திருக்க வேண்டும். காரை வாசல் பார்த்து நிறுத்த வேண்டும். பையில் மாத்திரை, மூக்குக்கண்ணாடி, பத்திரங்கள், தண்ணீர். உடம்பில் பருத்தி உடை. நைலான் உருகி ஒட்டிக்கொள்ளும். ஜன்னல், கதவுகளைச் சாத்தலாம், பூட்டக் கூடாது. விளக்கு எரியட்டும். அணைக்கச் சொல்லிக் கை துறுதுறுக்கும்தான். புகைமூட்டத்தில் தீயணைப்பு வீரர்களுக்கு அந்த வெளிச்சமே அடையாளம்.

கார் கொட்டகைக் கதவும் ஆளைக் கொல்லும். 2017-இல் கலிபோர்னியாவில் மூண்ட காட்டுத்தீயில் மின்சாரம் போய், தானியங்கிக் கதவைத் திறக்க முடியாமல் சிலர் இறந்தார்கள். அதன்பின், 2019 ஜூலை முதல் அங்கே புதிதாகப் பொருத்தும் கதவு இயந்திரங்களுக்கு பேட்டரி கட்டாயம். பழையது வைத்திருப்பவர்கள், கையால் திறக்க உதவும் கயிறு எங்கே தொங்குகிறது என்று இன்றே பார்த்துவிடுவது நல்லது.