வராதே என்று சொல்லும் பலகை

அந்தமானின் பெரார்கஞ்சில், ஜாரவா காட்டின் விளிம்பில் நிற்கும் அறிவிப்புப் பலகைகள் காட்சி மொழி படிக்கும் மாணவருக்கு எந்த வகுப்பறையும் தராத பாடத்தைத் தருகின்றன.

ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-ல் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து சுமார் 40 கி.மீ. தூரத்தில், பெரார்கஞ்ச் வட்டத்தில் இருக்கிறது ஜிர்காடாங் சோதனைச் சாவடி. இங்கே வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. போலீஸ் காவலுடன்தான் மேலே போக முடியும். இதற்கு அப்பால் சுமார் 50 கி.மீ. தூரம் அந்தமான் டிரங்க் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக் காட்டைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது. வண்டியை நிறுத்தாதே, உணவு கொடுக்காதே, படம் எடுக்காதே என்று சாலையோரப் பலகைகள் கட்டளையிடுகின்றன. காத்திருக்கும் பயணிகள் அவற்றைப் படிக்கிறார்கள். படித்துவிட்டு என்ன செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

வடிவமைப்புக் கல்லூரிகளில் இதை 'விஷுவல் ரெட்டரிக்' என்று கற்பிக்கிறார்கள். தமிழில் காட்சி அணியியல் எனலாம். படமும் எழுத்தும் நிறமும் பார்ப்பவரை எப்படி இணங்க வைக்கின்றன என்பதே பாடம். பிரெஞ்சு விமர்சகர் ரோலாந் பார்த் 1964-ல் ஒரு சேமியா விளம்பரத்தைப் பிரித்துப் போட்டுக் காட்டினார். வலைப் பையிலிருந்து சரியும் தக்காளியும் குடமிளகாயும், மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களும் சேர்ந்து சேமியாவோடு ஒரு தேசத்தின் மணத்தையும் விற்கின்றன என்றார். இந்தியாவில் இந்தப் படிப்புக்கு வித்திட்டது சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958-ல் அரசுக்குக் கொடுத்த அறிக்கை. சாதாரணச் சொம்பைப் புகழ்ந்த அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1961-ல் அகமதாபாதில் தேசிய வடிவமைப்புக் கழகம் பிறந்தது. மும்பை ஐ.ஐ.டி.யில் 1969-ல் தொழில் வடிவமைப்பு மையம் வந்தது.

அந்த மையத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த தமிழர் உதயகுமார்தான் ரூபாய்க்குக் குறியீடு தந்தவர். 2010 ஜூலையில் மத்திய அரசு அதை ஏற்றது. 2025 மார்ச்சில் தமிழக அரசு தன் பட்ஜெட் இலச்சினையில் அதற்குப் பதிலாக 'ரூ' என்ற எழுத்தைப் போட்டபோது நாடு முழுவதும் சர்ச்சை வெடித்தது. ஒரே ஓர் எழுத்து ஒரு முழு மொழிக் கொள்கையைப் பேசிவிட்டது. காட்சி வாதம் செய்யும் என்பதற்கு இதைவிட அண்மைச் சான்று தேவையில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இது அந்நிய சரக்கல்ல. இயல்பாக நடப்பதன் மேல் கவிஞன் தன் கருத்தை ஏற்றிச் சொல்வதைத் தண்டியலங்காரம் தற்குறிப்பேற்றம் என்கிறது. பள்ளிப் பாடத்தில் இதற்கு வரும் உதாரணம் எல்லோரும் அறிந்தது. மதுரைக் கோட்டை மேல் காற்றில் ஆடிய கொடிகள், கோவலனையும் கண்ணகியையும் வராதீர்கள் என்று கையசைத்து மறித்தனவாம். கொடி காற்றில்தான் ஆடியது. 'வராதே' என்பது இளங்கோ ஏற்றியது. உள்ளதை உள்ளபடி சொன்னால் அது தன்மையணி. இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தவருக்கு அந்தமானைப் பற்றிய படங்களின் வரலாறு எளிதில் விளங்கும்.

முதல் படம் பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் வரையப்பட்டது. அந்தமான் தீவினருக்கு நாய்த் தலை என்று மார்க்கோ போலோ கேள்விப்பட்டதைச் சொல்லிவைக்க, தீவை ஒருபோதும் காணாத ஓவியர் நாய்த் தலை மனிதர்களை வண்ணத்தில் தீட்டினார். அப்பட்டமான தற்குறிப்பேற்றம்; பார்த்தவுடன் கற்பனை என்று இன்று தெரிந்துவிடும்.

இரண்டாவது அத்தனை எளிதல்ல. 1890-களில் பிரிட்டிஷ் அதிகாரி மாரிஸ் விடால் போர்ட்மன் அந்தமானியரை பிரிட்டிஷ் மியூசியத்துக்காகப் படம் எடுத்தார். சில படங்களில் மனிதருக்குப் பின்னால் கட்டம் போட்ட திரை. பார்த்தால் தன்மையணி போலத் தெரியும்: உள்ளது உள்ளபடி, கேமரா பொய் சொல்லாது. ஆனால் அந்தக் கட்டம் பேசுகிறது. இது அளக்க வேண்டிய பொருள் என்கிறது. நாய்த் தலையை விட இது ஆபத்தானது. கற்பனை என்று சந்தேகிக்கக்கூட இடம் தராமல் அது மனிதனை மாதிரிப் பொருளாக்கிவிடுகிறது.

மூன்றாவது 2012 ஜனவரியில் வந்தது. உணவுக்காக ஜாரவாப் பெண்கள் ஆட வைக்கப்பட்ட வீடியோவை லண்டனின் 'அப்சர்வர்' வெளியிட்டது. படம் பழையது என்றது நிர்வாகம். ஆனாலும் நாடு அதிர்ந்தது. அதே ஆண்டில் பழங்குடிப் பாதுகாப்புச் சட்டத்தில் தண்டனை ஏழாண்டுச் சிறை வரை உயர்த்தப்பட்டது. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சுற்றுலாப் பயணிகளுக்குச் சாலையை மூடியது. மார்ச்சில் அந்தத் தடை தளர்ந்தது. இதிலும் ஒரு முரண் உண்டு. கொடுமையை அம்பலப்படுத்திய அதே காட்சி, அந்தப் பெண்களை உலகம் முழுவதும் மறுபடியும் ஆட வைத்தது.

இந்தப் பின்னணியோடு ஜிர்காடாங் பலகையைப் பார்க்க வேண்டும். வடிவமைப்பு மாணவர் முதலில் கேட்கக் கற்பது மூன்று கேள்விகள்: சொல்வது யார், யாரிடம், என்ன செய்ய வைக்க? சொல்வது அரசு. கேட்பது வெளியூர்ப் பயணி. பேசப்படுபவர் பேச்சிலேயே இல்லை. 'ஜாரவா' என்ற பெயர்கூட அவர்களுடையதல்ல. 'அந்நியர்' என்ற பொருளில் அயல் பழங்குடியினர் வைத்தது. அவர்கள் தங்களை 'ஆங்' என்றே சொல்லிக்கொள்கிறார்கள். சொந்தக் காட்டின் வாசலில் அவர்களை அந்நியர் என்று அறிவிக்கும் பலகை இது.

பெயர் விஷயத்தில் பெரார்கஞ்சும் விலக்கல்ல. 1923 முதல் 1931 வரை தீவுகளின் தலைமை ஆணையராக இருந்த மைக்கேல் ஃபெராரின் பெயரையே அது தாங்கி நிற்கிறது. தெற்கு அந்தமானில் திரூர், மஞ்சேரி என்று கேரளப் பெயர்களும் உண்டு. 1921 கிளர்ச்சிக்குப் பின் இங்கே அனுப்பப்பட்ட மாப்பிளமார் நினைவாகக் கொண்டுவந்தவை. வந்தவர்கள் எல்லோரும் ஊருக்கு ஒரு பெயர்ப் பலகை நட்டார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழியான தமிழும் அப்படி வந்ததுதான்.

இன்னொரு சிக்கல், மறுப்பே அழைப்பாகிவிடுவது. படம் எடுக்காதே என்ற பலகை, படம் எடுக்கத்தக்க ஏதோ ஒன்று இங்கே இருக்கிறது என்றும் சேர்த்துச் சொல்கிறது. உயிர்க்காட்சி சாலையில் கூண்டுக்கு முன் பார்த்த வாசகம் பயணியின் நினைவில் ஏற்கெனவே இருக்கிறது. உணவு கொடுக்காதே என்ற சொற்கள் அந்த நினைவைத் தட்டி எழுப்புகின்றன. மனிதரைக் காக்க வந்த வாசகம் மனிதரை விலங்கோடு உவமிக்கிறது. எழுதியவர் நினைக்காத உவமைதான். ஆனால் பார்ப்பவர் மனதில் அது வேலை செய்கிறது.

கட்டளைக்குக் காரணம் சொல்லப்படாததும் ஒரு குறை. 1997-ம் ஆண்டு இறுதியிலிருந்து ஜாரவாக்கள் வெளியாருடன் பழகத் தொடங்கினார்கள். 1999-ல் அவர்களிடையே அம்மை நோய் பரவியது. நமக்குச் சில நாள் காய்ச்சலாகப் போவது, அதைக் கண்டறியாத உடலுக்கு உயிர்ப் பிரச்னை. 2011-ல் அவர்கள் எண்ணிக்கை 380. ஒரு நடுத்தரத் திருமண மண்டபம் கொள்ளும் கூட்டம். இதை அறிந்த பயணி தடையைத் தண்டனைக்குப் பயந்து மட்டும் மதிக்க மாட்டார்.

அப்படியானால் மாணவருக்கான பயிற்சி இது: ஜாரவாவின் உருவத்தைக் காட்டாமல், விலங்குக் கூண்டை நினைவூட்டாமல், காரணத்தைச் சொல்லும் பலகை ஒன்றை வடிவமைக்க வேண்டும். முடியாத காரியமல்ல. 1960-களில் வந்த குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம், அந்தரங்கமான ஒரு விஷயத்தை யார் உடலையும் காட்டாமல் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் சொல்லிவிட்டது. பலகைக்கு ஏற்ற இடம் வண்டி விரையும் காட்டோரமும் அல்ல. எல்லோரும் இறங்கி, தேநீர் குடித்துக்கொண்டு, செல்போனை நோண்டியபடி காத்திருக்கும் சாவடி முகப்புதான். படிக்க நேரம் இருப்பது அங்கேதான்.

நல்ல பலகையால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று எந்த மாணவரும் நம்பிவிடக் கூடாது. காப்புக் காட்டுக்குள் செல்லும் சாலைப் பகுதியை மூடும்படி 2002 மே மாதமே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாலை இன்னும் திறந்தே இருக்கிறது. வடக்கே மாயாபந்தர், டிக்லிபூர் மக்களுக்கு மருத்துவமனையும் சந்தையும் அந்த வழியில்தான் என்பது நிர்வாகத்தின் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வாகன வரிசையில் சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் பார்க்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். 'வராதே' என்று பலகை சொல்கிறது. 'வா' என்று சாலை சொல்கிறது. இரண்டையும் நட்டு வைத்திருப்பது ஒரே அரசு. பயணி எதைக் கேட்பார் என்பதற்கு அணியிலக்கணம் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை.