சுமாராக செஸ் ஆடுவது

முப்பது வருஷமா செஸ் ஆடுகிறேன். இன்னமும் சுமார்தான். திட்டம், வியூகம் எதுவும் மூன்று நகர்த்தலுக்கு மேல் மனதில் நிற்காது. குதிரையைக் கொண்டுபோய் எங்காவது அநாதையாக நிறுத்திவிட்டு, எதிராளி கண்ணில் படக்கூடாதே என்று வேண்டிக்கொள்கிற ரகம்.

போன மாதம் என் மகள் ஒரு போட்டிக்குப் போனாள். ஆறு சுற்றில் நான்கு தோல்வி. திண்டுக்கல் திரும்பியதும் போர்டை பீரோ மேலே தூக்கிப் போட்டாள். "நல்லா ஆட வரலன்னா எதுக்குப்பா ஆடணும்?" என்றாள். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அதைத் தேடிப்போனதில் கிடைத்தவைதான் இந்தக் குறிப்புகள்.

தமிழ்நாட்டில் சுமாராக செஸ் ஆடுவது கொஞ்சம் கூச்சமான விஷயம். 1961-ல் மானுவல் ஆரோன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர். 1988-ல் ஆனந்த் முதல் கிராண்ட்மாஸ்டர். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன். இதற்குப் பிறகு எந்தக் குழந்தை போர்டைத் தொட்டாலும், "அடுத்த குகேஷா?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள்.

முதல் கேள்வி: நமக்கு ஏன் வரவில்லை? மூளை மந்தமா? 1973-ல் சேஸ், சைமன் என்ற இருவர் ஒரு சோதனை வெளியிட்டார்கள். நிஜ ஆட்டத்தின் நடுவிலிருந்து ஒரு நிலையை ஐந்து விநாடி காட்டி, பிறகு நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் சுமார் 16 காய்களைச் சரியாக வைத்தார், புதியவர் நான்கு. அதே காய்களைத் தாறுமாறாகக் கலைத்து வைத்துக் காட்டியபோது மாஸ்டரின் அனுகூலம் போய்விட்டது. அதாவது அவருக்கு இருப்பது அபார ஞாபகசக்தி அல்ல. பல்லாயிரம் ஆட்ட அமைப்புகளின் பழக்கம். அது வருடக்கணக்கான உழைப்பில் வருவது. அந்த உழைப்பை நாம் போடவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது: நன்றாக ஆடினால் தோல்வி குறையுமா? இங்கேதான் எலோ கணக்கு வருகிறது. அர்பாத் எலோ என்ற இயற்பியல் பேராசிரியர் வகுத்த தரப்புள்ளி முறை. உலக செஸ் சம்மேளனம் 1970-ல் ஏற்றுக்கொண்டது. இரண்டு பேருக்கும் ஒரே புள்ளி என்றால் ஆளுக்குப் பாதி வாய்ப்பு. 200 புள்ளி கூடுதல் என்றால் நூறு ஆட்டத்தில் சுமார் 76 புள்ளி எதிர்பார்க்கலாம். 400 கூடுதல் என்றால் 91.

ஆன்லைனில் நம் தரத்துக்கு ஏற்ற ஆளைத்தான் கோர்த்துவிடுகிறார்கள். நாம் முன்னேறினால் எதிராளியும் பலமாகிறார். ஆக, 800-ல் இருந்தாலும் 1800-ல் இருந்தாலும் ஏறக்குறைய பாதி ஆட்டம் தோல்விதான். தோல்வியே இல்லாத இடம் வரட்டும், அப்புறம் ரசிக்கலாம் என்று காத்திருந்தால், அந்த இடம் வரவே வராது. குகேஷ் ஜெயித்த கடைசி ஆட்டத்தில்கூட, சாம்பியனாக இருந்த டிங் லிரென் 55-வது நகர்த்தலில் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்ததில்தான் எல்லாம் முடிந்தது.

அப்படியென்றால் சுகம் எங்கே? நமக்குச் சமமான ஆளிடம் இருக்கிறது. முடிவு தெரியாத ஆட்டம்தான் ருசி. ஒரே குதிரை ராஜாவையும் ராணியையும் சேர்த்து மிரட்டும் அந்த ஒரு நொடி, உலக சாம்பியனுக்கும் நமக்கும் ஒன்றுதான். அதற்கு வியூகம் வேண்டாம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னால் "எந்தக் காய் காவல் இல்லாமல் நிற்கிறது?" என்று ஒரு பார்வை பார்த்தால் போதும்.

சமமான ஆள் இல்லையென்றால் உண்டாக்கிக்கொள்ளலாம். பலமானவர் ஒரு காயை எடுத்து வைத்துவிட்டு ஆடுவது பழைய வழக்கம். மகளிடம் இந்தக் கணக்கையெல்லாம் சொல்லவில்லை. போர்டை இறக்கி மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், என் யானை ஒன்றை ஓரமாக வைத்துவிட்டு, "வா, ஒரு ஆட்டம்" என்றேன். முதல் நாள் நான் ஜெயித்தேன். அடுத்த இரண்டு நாளும் அவள்.

நேற்று உட்கார்ந்ததும் அந்த யானையை எடுத்து அவளே என் பக்கம் வைத்தாள். தோற்றாள். "இன்னொண்ணு" என்றாள்.