செகண்ட்ஹேண்ட் சிறகுகள்

பழைய பொருளைப் பார்த்த மாத்திரத்தில் விலை சொல்லும் ஆட்களுக்கு மும்பை தேவ்நாரில் பஞ்சமில்லை. 1927 முதல் மாநகரத்தின் குப்பை வந்து சேரும் இடம் அது. சுற்றியுள்ள காயலான் கடைகளில் இரும்பு, அலுமினியம், பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. ஆனால் பழைய விமானத்துக்கு விலை சொல்வது வேறு வித்தை. அந்தக் கணக்கு எவ்வளவு பெரியது என்பதை அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் உள்ள காட்கோபர் 2018-ல் பார்த்தது.

அந்த ஆண்டு ஜூன் 28, மழைக்காலப் பகல். ஜூஹு விமானதளத்திலிருந்து சோதனை ஓட்டத்துக்குக் கிளம்பிய 'கிங் ஏர் சி-90' ரக விமானம், காட்கோபரில் கட்டுமானம் நடந்துகொண்டிருந்த கட்டடத்தருகே விழுந்து எரிந்தது. இரண்டு விமானிகள், இரண்டு பொறியாளர்கள், தெருவில் போய்க்கொண்டிருந்த ஒருவர் என்று ஐந்து பேர் பலி. தொழிலாளர்கள் சாப்பிடப் போயிருந்ததால் சாவு எண்ணிக்கை அத்தோடு நின்றது.

அது ஒரு காலத்தில் உத்தரப் பிரதேச அரசின் விமானம். அலகாபாத்தில் விபத்துக்குள்ளான பிறகு, 2014-ல் மும்பை நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. சுமார் பத்து ஆண்டுகள் பறக்காமல் இருந்து, பழுது பார்க்கப்பட்டு அன்றுதான் கிளம்பியது. சும்மா நின்றதுதான் விபத்துக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பழைய விமானம் வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அங்கேதான் இருக்கிறது: இது எத்தனை நாள் பறக்கவில்லை?

கிங் ஏர், விசிறி சுழலும் டர்போப்ராப் ரகம். தொழிலதிபர்களின் கனவு அதற்கு அடுத்த படியான 'லைட் ஜெட்'. உதாரணம், செஸ்னாவின் 'சைட்டேஷன் மஸ்டாங்'. பின்னால் நான்கு பேர் உட்காரலாம். மும்பையிலிருந்து சுமார் 700 கி.மீ. தொலைவில் உள்ள நாக்பூருக்கு ஒன்றேகால் மணி நேரம் போதும். காலையில் போய் வேலை முடித்து, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். இதன் உற்பத்தி 2017-ல் நின்றுவிட்டது. இனி வாங்கினால் பழையதுதான்.

விலை மலிவாகத் தெரியும். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஜெட் இன்ஜினுக்குக் குறிப்பிட்ட மணி நேரத்துக்கு ஒரு முறை ஓவர்ஹால் கட்டாயம். வயதான லைட் ஜெட்டில் இரண்டு இன்ஜின்களுக்குமான செலவு, வாங்கிய விலையையே நெருங்கிவிடலாம். பறக்காவிட்டால் செலவு மிச்சம் என்பதும் தப்புக் கணக்கு. பல சோதனைகளுக்கு மணிக் கணக்கோடு காலண்டர் கணக்கும் உண்டு. நிற்கும் விமானத்தில் ரப்பர் சீல்கள் காயும். மும்பையின் உப்புக் காற்று உலோகத்தை அரிக்கும்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் பெயின்டையும் தோல் இருக்கையையும் பார்ப்பதற்கு முன் லாக்புக்கைப் புரட்டுகிறார்கள். எங்கே அடிபட்டது, யார் பழுது பார்த்தார்கள், எந்த உதிரிபாகம் எப்போது மாற்றப்பட்டது என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். நடுவில் சில வருடங்களுக்குக் கணக்கு இல்லையென்றால் விலை சரியும். வாங்குபவரின் தூக்கமும் போகும். விற்பவருக்குச் சம்பந்தமில்லாத பணிமனையில் சோதித்த பிறகே முழுப் பணம் தருவது வழக்கம்.

அதன் பிறகு அரசாங்க வேலை. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தில் பதிவு செய்து, பறக்கத் தகுதியானது என்ற சான்றிதழ் பெற வேண்டும். கட்டணம் வாங்கி ஆள் ஏற்றுவதற்குத் தனி பர்மிட். சொந்த உபயோகம் என்று வாங்கிவிட்டு வாடகைக்கு விட முடியாது.

நிறுத்த இடமும் வேண்டுமே! ஜூஹுவின் ஓடுபாதை ஜெட்டுகளுக்குக் குட்டை. சாந்தாகுரூஸில் பயணிகள் விமான நெரிசல். 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட நவி மும்பை விமான நிலையத்தின்மீது பலர் கண்வைப்பதில் ஆச்சரியமில்லை. தேவ்நாரிலிருந்து வாஷி பாலத்தைத் தாண்டினால் அந்தப் பக்கம்தான்.

காரில் பழுதென்றால் ஓரமாக நிறுத்தலாம். ஆகாயத்தில் ஓரம் கிடையாது. கீழே இருப்பது காட்கோபர், செம்பூர், தேவ்நார் போன்ற நெரிசலான பேட்டைகள். பேரம் பேசும்போது அங்கே நடந்து போகிறவரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.