ஷட்டரைச் சோதித்துவிட்டுப் பணம் கொடுங்கள்

பரணில் கிடந்த யாஷிகா ஃபிலிம் கேமராவைத் துடைத்தெடுத்து மறுபடி ரோல் போடலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஷட்டரை. ஆரம்பாக்கம் போல ஒரு பக்கம் ஏரி, அதைத் தாண்டிக் கடல் என்று இருக்கும் ஊரில் இந்தச் சந்தேகம் இன்னும் நியாயமானது. பல வருடம் அசையாமல் கிடந்தால் உள்ளே இருக்கும் மசகு இறுகிவிடும். உப்புக்காற்று சின்னச் சின்ன ஸ்பிரிங்குகளைத் துருப்பிடிக்க வைக்கும். தோல் உறைக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தால் லென்ஸில் பூஞ்சையும் படர்ந்திருக்கும்.

சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம், கைபேசி போதும். ரோல் போடாமல் பின்மூடியைத் திறந்து, வெளிச்சமான வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கேமராவைப் பிடியுங்கள். ஷட்டரைப் பின்பக்கத்திலிருந்து ஸ்லோமோஷனில், வினாடிக்கு 240 படம் என்ற கணக்கில் பதிவு செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு படமாக நகர்த்தி, ஷட்டர் திறந்திருக்கும் படங்களை எண்ணுங்கள். 1/2 வினாடி என்றால் 120, 1/8 என்றால் 30, 1/30 என்றால் 8 வர வேண்டும். 8 வர வேண்டிய இடத்தில் 16 வந்தால் ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடுதலாக விழுகிறது. கலர் நெகட்டிவ் அதைத் தாங்கிக்கொள்ளும். அதற்காக மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. 40, 50 என்று போனால்தான் சர்வீஸ் தேவை.

1/500, 1/1000 வேகங்களை இப்படி அளக்க முடியாது. அங்கே பார்க்க வேண்டியது வேறு. திரை ஓடும் கேமராவில் முதல் திரை மந்தமானால், பின்னால் வரும் இரண்டாவது திரை அதை எட்டிப்பிடித்து மூடிவிடும். பிரிண்டில் ஒரு ஓரம் கறுப்பாக விழுவது இதனால்தான். படத்துக்குப் படம் அதே இடத்தில் வெளிச்சப் புள்ளி வந்தால் துணித்திரையில் ஓட்டை இருக்கலாம். கண்ணாடி இல்லாத ரேஞ்ச்ஃபைண்டர் வகைகளில், மூடி போடாத லென்ஸ் வெயிலைப் பார்த்தபடி கிடந்தால் துணித்திரை பொசுங்கிவிடும். படகில் போகும்போது இதை மறக்கக் கூடாது. உப்பு கலந்த ஏரித் தண்ணீரில் விழுந்த கேமராவைக் காயவைத்தால் போதும் என்பதும் தவறு. ஈரம் போனாலும் உப்பு உள்ளேயே நிற்கும்.

பலர் வீட்டிலேயே செய்யும் வைத்தியம், இடுக்கில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவது. தகடுகள் இதழ்போல விரியும் ஷட்டருக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. அதன் தகடுகள் உலர்ந்தே இருக்க வேண்டும், எண்ணெய் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். துடைக்க எடுக்கும் பெட்ரோல் போன்ற கரைப்பான்களை அடுப்பு எரியும் அறையில் திறக்காதீர்கள். உள்ளேயே ஃபிளாஷ் இருக்கும் கேமராவைப் பிரிக்கவே வேண்டாம்: அதன் மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் நிற்கும், பேட்டரியைக் கழற்றினாலும் உடனே போகாது.

இனி பணத்துக்கு வருவோம். பழைய பொருள் என்பதாலேயே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 விலகிப் போவதில்லை. 'எல்லா ஸ்பீடும் ஓடுது' என்று சொல்லிக் கடைக்காரர் விற்றது ஓடவில்லை என்றால் கேட்கலாம். குறையைச் சொல்லியே விற்றிருந்தால் கேட்க முடியாது. ஆகவே எந்த வேகம் வேலை செய்கிறது என்பதை ரசீதிலேயே, கேமராவின் சீரியல் எண்ணோடு எழுதி வாங்குங்கள். ரசீது தர மறுப்பதும், குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் இந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

பழுது பார்க்கக் கொடுக்கும்போதும் எழுத்துதான் துணை. கொடுக்கும் முன் எடுத்த வீடியோவைப் பத்திரமாக வையுங்கள், உத்தேசச் செலவை எழுதிக் கேளுங்கள். இந்தக் கேமராக்களுக்குப் புதுப் பாகம் கிடைப்பது அபூர்வம். இன்னொரு கேமராவிலிருந்து கழற்றித்தான் போடுவார்கள். அதில் தவறில்லை, ஆனால் உங்களிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். தன் சொந்தப் பொருளைப் போல உங்கள் கேமராவைக் கவனிக்கும் பொறுப்பை 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே மெக்கானிக்கின் மேல் வைக்கிறது. அதே சட்டம், செய்த வேலைக்குக் கூலி வரும்வரை கேமராவைத் தராமல் வைத்திருக்கும் உரிமையையும் அவருக்குத் தருகிறது. உழைப்புக்கு உண்டான அந்தப் பணத்தை இழுத்தடிக்காதீர்கள்.

பேசித் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கேமராவைச் சென்னையில் வாங்கியிருந்தாலும், ஆரம்பாக்கத்துக்காரர் தன் சொந்த மாவட்டமான திருவள்ளூரிலேயே மனுப் போடலாம். 2 வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவரை 'நீ வியாபாரி, நுகர்வோர் இல்லை' என்று தட்டிக்கழிக்கவும் முடியாது; சுயதொழிலாகத் தன் வயிற்றுப்பாட்டுக்கு வாங்கியவரையும் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது.

இணையத்தில் முகம் தெரியாத தனிநபரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைக்காது. பணத்தை வாங்கிக்கொண்டு ஆள் காணாமல் போனால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். நேரில் பார்த்து வாங்குவதானால் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.