வீடு தேடி வரும் நரம்பு ஊசி

ஆஸ்பத்திரியில் இருப்பவர்களில் சிலர் எழுந்து நடப்பார்கள், நன்றாகச் சாப்பிடுவார்கள். ஆனாலும் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். அவர்களுக்கு வேண்டிய மருந்து மாத்திரையாக இல்லை. இரத்தக் குழாய் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். பேச்சில் 'நரம்பு ஊசி' என்கிறோமே, அது உண்மையில் நரம்பில் அன்று, சிரையில் செலுத்தப்படுவது. எலும்பில் சீழ் பிடித்தாலோ, இருதய வால்வில் கிருமி தொற்றினாலோ இது நான்கு முதல் ஆறு வாரம் வரை தொடரலாம். அத்தனை நாளும் கட்டில் வாடகை; கூட இருப்பவருக்குச் சம்பளமும் போச்சு.

இதற்கு மாற்றுண்டு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பிறவி நோய் கண்டவர்களுக்கு வீட்டிலேயே இவ்வாறு மருந்து செலுத்திய அனுபவத்தை அமெரிக்க மருத்துவர்கள் 1974இல் வெளியிட்டனர். பின்னர் பல நாடுகளில் இது முறையான சேவையாக வளர்ந்தது. மும்பையிலும் இன்று வீட்டுக்கு நர்ஸ் அனுப்பும் நிறுவனங்கள் உள்ளன.

ஊசி போடுவது இதில் சிறு பகுதிதான். மருத்துவர், மருந்துக்கடை, நர்ஸ், பரிசோதனைக் கூடம், வீட்டார் ஆகிய ஐவரையும் இணைப்பதே பெரிய வேலை.

மருந்தின் பெயர், அளவு, நேரம், எத்தனை நாள் என்பதை மருத்துவர் தெளிவாக எழுதித் தர வேண்டும். ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்க முதல் ஊசியை ஆஸ்பத்திரியிலேயே போடுவது நல்லது. செஃப்ட்ரையாக்சோன் போல நாளுக்கு ஒருமுறை போதுமான மருந்து வீட்டுக்குத் தோது. நாலு மணிக்கொரு தரம் பென்சிலின் என்றால் வீடு தாங்காது. நீண்ட சிகிச்சைக்கு, கையிலிருந்து இருதயத்தின் அருகு வரை செல்லும் 'பிக் லைன்' என்ற மெல்லிய குழாயைப் பொருத்துவார்கள்.

சில மருந்துகளை 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சியில் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் கெட்டுவிடும். வான்கோமைசின், அமிகாசின் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். அமிகாசின் காதையும் பாதிக்கும். ஆகவே குறித்த நாளில் இரத்தப் பரிசோதனை தேவை. அதன் ரிப்போர்ட் மருத்துவர் கண்ணில் படாமல் வீட்டு அலமாரியில் கிடந்தால் என்ன பயன்?

இனி நம் பாண்டுப்பைப் பார்ப்போம். மேற்கே குன்றுச் சரிவில் வண்டி போகாத படிக்கட்டுச் சந்துகள் பல. மழைக்காலத்தில் ரயில் நின்றுவிட்டால் நர்ஸ் எப்படி வருவார்? 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து நகரமே நின்றதை நம்மவர் மறக்கவில்லை. எனவே கைவசம் கூடுதல் மருந்து, அருகிலேயே மாற்று நர்ஸ், இரவில் போன் எடுக்கும் ஒரு மருத்துவர் என்று முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். காய்ச்சல், குளிர் நடுக்கம், குழாய் உள்ள கையில் வீக்கம் என்றால் உடனே சொல்ல வேண்டும். மூச்சுத் திணறினால் காத்திராமல் 108ஐ அழைக்க வேண்டும். பயன்படுத்திய ஊசிகளைக் குப்பைக்கூடையில் போடாமல் கெட்டியான டப்பாவில் சேர்த்து நர்ஸிடமே திருப்பித் தர வேண்டும். குப்பை அள்ளுபவர் கையிலும் உயிர் இருக்கிறது.

செலவையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுச் சிகிச்சைக்குப் பணம் தரும் பாலிசிகளில் பலவும், அது மூன்று நாளுக்கு மேல் நீள வேண்டும், நோயாளியை நகர்த்த முடியாத நிலையோ படுக்கை கிடைக்காத நிலையோ இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கின்றன.

ஒன்று கவனிக்க: 'தெம்புக்கு ஒரு சலைன் ஏத்துங்க' என்று கேட்பது இந்தச் சிகிச்சையாகாது. அரை லிட்டர் 5 சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரைதான். இருதயம், சிறுநீரகம் பழுதானவருக்கு அந்த நீரே ஆபத்தாகலாம்.

டிஸ்சார்ஜ் தாள் ஆங்கிலத்தில்; நர்ஸ் பேசுவது மராத்தியோ மலையாளமோ; கட்டிலில் இருக்கும் பாட்டிக்குத் தெரிந்தது நெல்லைத் தமிழ். இந்த இடத்தில்தான் சங்கம் உதவ முடியும். ஓய்வுபெற்ற நர்ஸ்கள், மொழி தெரிந்த இளைஞர்கள் சிலர் சேர்ந்து, மருந்து நேரமும் அபாய அறிகுறியும் போன் எண்களும் கொண்ட ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டிக் கொடுக்கலாமே. செலவு ஒரு தாள்தான். காப்பது ஓர் உயிரை.